பன்னிரண்டாம் பக்கத்து ஓட்டை

பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தின் நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அம்மா கருவாடு அலசிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எட்டிப் பாக்கிற?"

"யானைக்குட்டியக் காணோம்மா."

"இந்தச் சட்டியில இல்ல, வேற எங்கயாச்சும் தேடு" என்று சொல்லிவிட்டு அம்மா தன் வேலையைப் பார்த்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்தோ. ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்தைய பிரிக்பீல்ட்ஸ். அப்பா ரயில்வேயில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தை ஒட்டி, ஒரே தகரக் கூரைக்கடியில் எட்டு வீடுகள், லைன் என்போம். எங்களுடையது கடைசி. அதனால் ஊருக்கே நான் எட்டாம் நம்பர் சரசு.

ஓட்டைக்கு மேலே யானைக்குட்டி ஆற்றங்கரையில் நின்று அழுகிறது. அதன் அம்மா அக்கரையில். ஓட்டைக்குக் கீழே முதல் வரி, 'அக்கரை சேர்ந்த குட்டி தாயின் காலைக் கட்டிக்கொண்டது.' நடுவில் அத்தனை பெரிய ஆற்றை அது எப்படிக் கடந்தது? அந்த இடத்தைத்தான் யாரோ கத்தரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யாரோ என்ன யாரோ. எல்லாருக்கும் தெரியும், மூன்றாம் நம்பர் பாக்கியத்தக்கா.

குழந்தைகளுக்கு எழுத எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டு இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து கடிதங்கள் வருகின்றன. ஒரு ஓட்டையில் என்று பதில் எழுதினால் கிழவி கேலி பண்ணுகிறாள் என்று நினைக்கிறார்கள். எனவே இந்த வாரம் அந்த ஓட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கப்பலில் வந்த சல்லடை

எட்டு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை. மதராஸில் அச்சாகி, கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, கிள்ளான் வழியாக ரயிலில் எங்களிடம் வந்து சேரும். வாரப் பத்திரிகைதான், ஆனால் கப்பலுக்கு அது தெரியாது. மூன்று இதழ், நான்கு இதழ் என்று ஒரே கட்டாக, வெங்காய மூட்டை வாசனையோடு வரும். தீபாவளி மலர் எங்களுக்கு மார்கழியில் கிடைக்கும். வந்த அன்றைக்கு எங்கள் லைனில் எல்லாருக்கும் இரண்டாவது தீபாவளி.

வரிசை மாறாது. ஒன்றாம் நம்பரில் தொடங்கி, வீட்டுக்கு ஒரு நாள், எட்டாம் நம்பரில் முடியும். படிக்கத்தான் என்று ஒப்பந்தம். ஆனால் படிக்கத் தெரிந்த வீடுகள் குறைவு, கத்தரிக்கோல் இல்லாத வீடு கிடையாது.

ஒன்றாம் நம்பரில் புதுமணத் தம்பதி. அவர்கள் பத்திரிகையைத் தொட்டதாகவே தெரியாது. இரண்டாம் நம்பர் அப்போது காலி. மூன்றாம் நம்பரில்தான் ஆபத்து ஆரம்பம். பாக்கியத்தக்காவுக்கு எழுத்து தெரியாது, சாமி தெரியும். பிள்ளையாரோ லட்சுமியோ படமாக வந்துவிட்டால் வெட்டி எடுத்துக் கஞ்சிப் பசை தடவிப் பலகைச் சுவரில் ஒட்டிவிடுவாள். ஐந்தாம் நம்பரில் தலையணை உறைக்கு வேண்டிய பூ டிசைன்களை வெட்டுவார்கள். ஏழாம் நம்பரில் எதையும் வெட்டுவதில்லை, அங்கே ஒரு கைக்குழந்தை இருந்தது, அது தின்னும்.

எட்டாம் நம்பருக்கு வந்து சேரும்போது பத்திரிகை சல்லடை. தூக்கிப் பிடித்தால் வீடு முழுக்கத் தெரியும்.

கண்டதும் கற்றவள்

எனக்கோ எழுத்து என்று எதைக் கண்டாலும் படித்தாக வேண்டும். தீப்பெட்டி, தேயிலைப் பொட்டலம், அப்பாவின் சம்பளச் சீட்டு, கூட்ஸ் வண்டிகளின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கியிருக்கும் ஊர்ப்பெயர்கள், மாதாகோயில் வாசலில் கொடுக்கிற துண்டுத்தாள். செந்தூலில் இருந்து அத்தை வந்தால் அத்தையை விட அவள் கொண்டுவரும் கச்சாங் பூத்தே பொட்டலம்தான் எனக்கு முக்கியம். கடலையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தாளை நான் எடுத்துக்கொள்வேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான், நான் அவனைப் பைத்தியம் என்று நினைத்தேன்.

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள். நான் கண்டது கற்றுக்கொண்டே நடந்து மூன்று தடவை சாக்கடையில் விழுந்தேன். மூன்றாவது தடவை அம்மா தூக்கிவிட வரவில்லை. படித்து முடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டாள்.

இதனாலேயே எனக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லைனுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கும், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய சிலிப்பர் கட்டைகளின் மேல் நான் ஏறி உட்காருவேன். கீழே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அந்த வாரத்துச் சிறுவர் கதையை நான் படிக்க, அவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மகாராணிக்குக்கூட அப்படி ஒரு சிம்மாசனம் இருந்திருக்காது. என்ன, கட்டையில் பூசிய தார் பாவாடையில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டையோடு எப்படிப் போய் உட்காருவது? ஆற்றங்கரையில் நிற்கும் குட்டியை அடுத்த வரியில் அக்கரையில் நிறுத்தினால் எங்கள் லைன் பிள்ளைகள் விடுவார்களா? ஆறாம் நம்பர் ராணிக்கு நான்கு வயதுதான். ஆனால் போலீஸ்காரனிடம் தப்பினாலும் அவளிடம் தப்ப முடியாது. எப்படி, எப்படி என்று கேட்டே கொன்றுவிடுவாள்.

பக்கவாட்டில் நடந்த யானை

சீனிப் பொட்டலத்தின் பழுப்புத் தாளை ஓட்டை அளவுக்குக் கிழித்தேன். நான்கு ஓரத்திலும் சோற்றுப் பருக்கையைத் தேய்த்துப் பின்பக்கமாக ஒட்டினேன். அப்பாவின் நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

முதலில் முதலை வந்தது. முதலை பழசு என்று அடித்துவிட்டேன். படகு வந்தது. யானை ஏறினால் முழுகிவிடும் என்று அதையும் அடித்தேன். பிறகு எங்கிருந்தோ ஒரு நண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த ஆற்றில் எங்கே ஆழம் எங்கே மேடு என்று எனக்கு அத்துப்படி, என் பின்னாலேயே வா என்றது. ஆனால் நண்டு நேராக நடக்காதே. நீயும் பக்கவாட்டில் நடந்தால்தான் மேட்டில் கால் படும், நேராக நடந்தால் பள்ளம் என்று சொல்லிவிட்டது. யானைக்குட்டி வெட்கப்பட்டது. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்றது. அம்மா வேண்டுமா, மானம் வேண்டுமா என்றது நண்டு. குட்டி பக்கவாட்டில் நடந்தது.

எழுதி முடித்தபோது என் காது இரண்டும் சுட்டன. அடுப்பில் இருந்து வெந்நீரை இறக்கச் சொல்லி அம்மா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. ஓட்டையில் ஏதோ ஒன்று இருந்திருக்கத்தானே வேண்டும், அது ஏன் நண்டாக இருக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராணி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை லைன் பிள்ளைகள் அத்தனை பேரும் பக்கவாட்டில் நடந்தார்கள். குழாயடிக்குப் பக்கவாட்டில், ரொட்டிக்காரரிடம் பக்கவாட்டில், பள்ளிக்கூடத்துக்கும் பக்கவாட்டில். வேலை முடிந்து வந்த அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைகளுக்கெல்லாம் இடுப்பில் ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

கிள்ளானிலிருந்து வந்தவள்

இப்படி நான் மேகத்தில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் லூர்து வந்தாள். அவள் அப்பா கொடி காட்டும் ரயில்வே கார்டு. கிள்ளானிலிருந்து மாற்றலாகி இரண்டாம் நம்பருக்குக் குடிவந்தார்கள். என் வயதுதான். இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கழுத்தில் மாதா சுரூபப் பதக்கம், எதையும் இருமுறை பார்க்கிற கண்கள்.

வந்த இரண்டாம் நாளே பிள்ளைகளைப் பார்த்து, ஏன் எல்லாரும் இப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ராணி கதையைச் சொல்லியிருக்கிறாள். லூர்து நேரே சிலிப்பர் கட்டைக்கு வந்தாள்.

"அந்தக் கதையில நண்டே கிடையாது" என்றாள். "நான் கிள்ளான்ல முழுசாப் படிச்சேன். அந்த எடத்துல மருந்து விளம்பரம்தான் இருந்துச்சு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுதியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கட்டையை விட மனசு வரவில்லை. இன்னொன்று, இரண்டு வாரம் நண்டோடு வாழ்ந்ததில் அது உண்மையாகவே அச்சில் இருந்தது என்று எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"முருகன் மேல சத்தியம்" என்றேன். "நண்டு அவர் முதுகுலதான் இருக்கு. மூணாம் நம்பர்ல போய்த் திருப்பிப் பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பின்னால் பதினோராம் பக்கத்தில் இருந்தவர் மயில்மேல் முருகன். அவரைப் பாக்கியத்தக்கா சுவரில் ஒட்டிவிட்டாள். திருப்பிப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் சத்தியமே வந்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே.

லூர்து விடவில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் ரயில்வேயில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருமாமே, அப்போது சுவரில் இருப்பதை எல்லாம் எடுத்தாக வேண்டுமே என்றாள். குடிவந்து இரண்டே நாளில் அது எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பந்தயம் இதுதான்: நண்டு இருந்தால் அவள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பாள். இல்லையென்றால் கட்டை அவளுக்கு, நான் இனிமேல் படிக்கக் கூடாது. பிள்ளைகள் சாட்சி.

பாக்கியத்தக்காவின் அதிரசம்

எங்கள் லைனில் இரகசியம் என்பது ஏழாம் நம்பர் குழந்தை கையில் கிடைத்த பத்திரிகை மாதிரி. சாயங்காலத்துக்குள் பாக்கியத்தக்கா காதுக்கு விஷயம் போய்விட்டது. நண்டு தன் கத்தரிக்கோலில்தான் போயிற்று என்று அவள் நம்பிவிட்டாள்.

என்னைக் கூப்பிட்டு, எழுத்து தெரியாத பாவி, பிள்ளைங்க கதையை வெட்டிட்டேன் என்று கண் கலங்கினாள். கையில் ஒரு அதிரசத்தை வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும் ஒன்று. அடுத்த கட்டுப் பத்திரிகை வந்தது. அதில் தாமரைமேல் சரஸ்வதி அவ்வளவு அழகாக இருந்தாள். பாக்கியத்தக்கா தொடவில்லை. பத்திரிகை முழுசாக நான்காம் நம்பருக்குப் போயிற்று.

ஒவ்வொரு அதிரசத்தையும் அவள் கண்ணைப் பார்க்காமல்தான் வாங்கினேன். ஆனாலும் ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. என் குணத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சுண்ணாம்பு நாள்

ஒரு காலையில் மண்டோர், அதாவது கூலி ஆட்களின் மேஸ்திரி, நான்கு ஆட்களோடும் சுண்ணாம்பு வாளிகளோடும் வந்தார். வீடு வீடாகச் சாமான் வெளியே வந்தது. எங்கள் வீட்டுச் சாமானை நான் எடுத்து வைத்த லட்சணத்தை அம்மா பல வருஷம் சொல்லிக்காட்டினாள். என் கண் முழுக்க மூன்றாம் நம்பர் மேல்.

பாக்கியத்தக்கா ஈரத்துணியைச் சுவரில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பசை ஊறியது. பிள்ளையார் வந்தார், லட்சுமி வந்தாள். வாசலில் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் நின்றிருந்தார்கள், லூர்து முன்னால். முருகன் ஒரு ஓரமாகப் பிரிந்து, மயில் தோகை பிரிந்து, முழுசாகக் கையோடு வந்தார். அக்கா அவரை இரண்டு கையிலும் ஏந்தி எங்களிடம் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"படி புள்ள. நண்டு இருக்கா?"

நான் ராணிக்குப் பின்னால் நகர்ந்தேன். லூர்துதான் படித்தாள். பசியின்மை, புளியேப்பம், வயிற்றுப் பொருமல், மூன்றுக்கும் ஒரே மருந்து, பெரியவர்களுக்கு இரண்டு கரண்டி, சிறுவர்களுக்கு ஒன்று.

 அடுத்த வீட்டில் சுண்ணாம்பு மட்டை உரசும் சத்தம் கேட்டது.

"என் சாமி முதுகுல ஏப்ப மருந்தா?" என்றாள் பாக்கியத்தக்கா. கொஞ்சம் கழித்து, "அப்ப நான் நண்ட வெட்டலையா?"

அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. இத்தனை நாள் அதை அவளிடமிருந்து நான்தான் பறித்து வைத்திருந்தேன்.

"இல்லக்கா. நண்டு நான் எழுதினது."

"நீயா? ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. தானா வந்துச்சு."

அவள் முருகனைப் பத்திரமாகப் பெட்டிமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதிரசம் எத்தன தின்ன?"

"பதினொண்ணு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ராணியாகத்தான் இருக்கும். பாக்கியத்தக்கா சிரிக்கவில்லை. சாமி மேல் செய்த சத்தியம் பொய்யாகப் போகக் கூடாது, இந்த வீட்டுக்கு ஆகாது என்றாள். அந்தப் பழுப்புத் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். ஓடிப்போய்ப் பத்திரிகையிலிருந்து பிரித்து எடுத்து வந்தேன்.

"முழுசாப் படி" என்றாள். படித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். அம்மா வேண்டுமா மானம் வேண்டுமா என்ற இடத்தில் சுண்ணாம்பு வாளியோடு நின்ற மண்டோர், அப்புறம் என்னா ஆச்சுலா என்று கேட்டார்.

முடிந்ததும் பாக்கியத்தக்கா கஞ்சிப் பசையை எடுத்தாள். முருகனின் முதுகில், ஏப்ப மருந்தின் மேல், என் நண்டை வைத்து நான்கு மூலையும் அழுத்தினாள். சுவர் காய்ந்ததும் அவரைப் பழைய இடத்திலேயே ஒட்டினாள்.

"இப்ப இருக்கில்ல? சத்தியம் சரியாப் போச்சு."

நான் எழுதிய முதல் கதை வெளியான விதம் அது. ஒரே பிரதி, அதுவும் சுவரைப் பார்த்தபடி.

கட்டை கைமாறியது

பந்தயம் பந்தயம்தான். ஞாயிற்றுக்கிழமை கட்டைமேல் லூர்து ஏறினாள். நான் ராணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். லூர்து தப்பே இல்லாமல் படித்தாள். உள்ளதை உள்ளபடி படித்தாள். அணில் காட்டுக்குப் போயிற்று, அணில் வீட்டுக்கு வந்தது. எப்படி வந்தது என்று ராணி கேட்டாள். போடவில்லை என்றாள் லூர்து. ஏன் போடவில்லை என்றாள் ராணி. பாதிக் கதையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பொய். இந்தத் தொடரில் ஒரு பொய்க்கு மேல் வேண்டாம்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். எழுத ஒரு ஓட்டைகூட இல்லாமல் போயிற்றே என்றுதான் அழுகை.

அடுத்த கப்பல் வந்தது. வரிசைப்படி எட்டாம் நாள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். லூர்துவே கொண்டுவந்தாள், அதுவும் இரண்டாம் நாளே, மூன்றாம் நம்பருக்குக்கூடப் போகாமல். வரிசை மாறிப் பத்திரிகை வந்தது எங்கள் லைன் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

நீட்டினாள். பிரித்தேன். சிறுவர் பக்கத்தின் நடுவில் ஓட்டை. பாக்கியத்தக்கா வெட்டினால் கோணலாக இருக்கும். இது அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, நூல் பிடித்த மாதிரி வெட்டியது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாமியும் இல்லை, பூவும் இல்லை. உள்ளே சரியாக அதே அளவில் நறுக்கிய சீனிப் பொட்டலத் தாள் ஒன்று செருகியிருந்தது.

பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் லூர்துவின் முகம்.

"வெளம்பரத்த வெட்டிட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள எழுதிக் குடுத்துடு. ராணி ரொம்பக் கேள்வி கேக்குறா."